நடுவில் உட்கார்ந்தவளின் சங்கீதம்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் பிரசங்க மேடையில் ஏறித் தொண்டையைச் செருமியதும் பெரியக்காவின் கைப்பை திறக்கும். இரண்டு பெப்பர்மின்ட் மிட்டாய்கள் வெளியே வரும். போதகரிடமிருந்து கண்ணை எடுக்காமலேயே அவற்றைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கடைசித் தங்கையின் மடியில் வைப்பாள். தங்கை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு மற்றொன்றை அந்தப் பக்கம் நகர்த்துவாள். அங்கே சின்னக்காவின் உள்ளங்கை விரிந்து காத்திருக்கும். அவள் கண்ணும் போதகர் மேல்தான். மிட்டாய் வானத்திலிருந்து நேராகத் தன் கையில் விழுந்தது போல எடுத்துச் சப்புவாள். யார் கொடுத்தது என்று அவள் கேட்டதில்லை. யாருக்குப் போகிறது என்று பெரியக்காவும் கேட்டதில்லை. பல வருடங்களாக மிட்டாய் இப்படித்தான் பயணம் செய்தது.

இரண்டு அக்காக்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் சொத்தோ சம்பந்தமோ அல்ல, சுதி. அப்பாவின் அடக்க ஆராதனையில் இருவரும் சேர்ந்து பாடினார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே பெரியக்கா சொன்னாள், "கடைசி அடியில நீ சுதி இறங்கிட்ட."

"நான் அழுதுட்டிருந்தேன்" என்றாள் சின்னக்கா.

"நானும்தான் அழுதேன். சுதியில அழுதேன்."

அதோடு சரி. சின்னக்கா பாடகர் குழுவை விட்டாள். பெரியக்கா, அவள் இல்லாத குழுவில் தனக்கென்ன வேலை என்பதைக் கோபமாகச் சொல்லிவிட்டு, தானும் விட்டாள். ஆனால் குடும்பத்துக்கென்று இருந்த நான்காம் வரிசைப் பெஞ்சை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருத்தி இந்த ஓரம், ஒருத்தி அந்த ஓரம், நடுவில் கடைசித் தங்கை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்துக்காவது பாட்டு நின்றால் ஓய்வு உண்டு.

"சொல்லு அவகிட்ட" என்று இந்தப் பக்கம். "நான் சொன்னேன்னு சொல்லிடு" என்று அந்தப் பக்கம். இதைப் பார்த்துப் பெரியக்காவின் கணவர் பெரியத்தான்தான் கடைசித் தங்கைக்குத் தபால்பெட்டி என்று பெயர் வைத்தார். நல்ல பெயருக்குக் கால் முளைக்க நேரம் ஆகும். இந்தப் பெயர் அடுத்த ஞாயிறே ஆலயம் முழுக்க நடந்துவிட்டது. இப்போது போதகரே அவளைத் தபாலம்மா என்றுதான் கூப்பிடுகிறார்.

அவளுக்குக் கூச்ச சுபாவம். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருந்ததால்தான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினாள் என்று வீட்டில் சொல்வார்கள். அது பாதி உண்மை. நாலு பேர் இருக்கும் இடத்தில் அவள் குரல் கேட்காது. ஆனால் கண் சும்மா இராது. யார் யாரைப் பார்க்காமல் இருக்கிறார்கள் என்பது அவளுக்குத்தான் முதலில் தெரியும்.

அத்தோடு அவளிடம் ஒரு திருட்டுத்தனமும் இருந்தது. கொடுத்த தபாலை அவள் கொடுத்தபடி சேர்ப்பதில்லை.

"அந்தப் பச்சை கவுன்ல அவ ஜன்னல் திரை மாதிரி இருக்கான்னு சொல்லு" என்பாள் பெரியக்கா. அது சின்னக்காவிடம் போய்ச் சேரும்போது, "பச்சை உனக்கு எடுப்பா இருக்காம், அக்கா சொன்னாங்க" என்று ஆகியிருக்கும். "அவ சமைச்ச சூப்பை அவளே குடிக்கட்டும்" என்று சின்னக்கா அனுப்பினால், "உடம்பு முடியாத நேரத்துல சூப் அனுப்பினியே, நீ நல்லா சாப்பிடுறியான்னு கேட்டா" என்று பெரியக்காவுக்குக் கிடைக்கும். சின்னக்கா அந்தப் பச்சை கவுனையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு வந்தாள். பெரியக்காவுக்குப் பிடி கிடைக்கவில்லை. இவ்வளவு சொல்லியும் இவளுக்கு ரோஷம் வரவில்லையே என்று ஆச்சரியப்பட்டாள்.

தபால்பெட்டிக்கு வேலை ஒரு சலவைக்கூடத்தில். மருத்துவமனைக் கோட்டுகளும் அலுவலகச் சட்டைகளும் அங்கே மலைபோல் வரும். அவளுடைய இடம் நீராவித் தேய்ப்பு எந்திரம். சட்டையைக் கீழ்ப்பலகையில் விரித்து, காலால் மிதியை அமுக்கினால் மேல்பலகை வந்து மூடும். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். காலை எடுத்தால் மேல்பலகை எழும்பும். அமுக்கு, ஆவி, எடு. நாள் முழுக்க இதுதான்.

வேதாகமத்திலுள்ள சங்கீதங்களை மனப்பாடமாக அறிந்தவள் அவள். அவற்றில் ஒரு வசனம் என்பது பெரும்பாலும் இரண்டு பாதி. முதல் பாதி ஒன்றைச் சொல்லும், இரண்டாம் பாதி அதற்குப் பதில் போல வரும். முதல் பாதிக்கு மிதியை அமுக்குவாள், நடுவில் ஆவி மூச்சுவிடும், இரண்டாம் பாதிக்குக் காலை எடுப்பாள். அந்தத் தாளத்தில் அவள் வாய்க்குள்ளேயே மெட்டுகள் பிறந்தன. எந்திர இரைச்சலில் தன் குரல் தனக்கே கேட்காது என்பதால் அங்கே அவளுக்குக் கூச்சமும் இல்லை. மெட்டு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அவளிடம் ஒரே சோதனைதான் இருந்தது. அடி முடிவதற்குள் காலர் கருகக் கூடாது.

ஒரு காலர் கருகியது. அது பல் டாக்டருடைய வெள்ளைக் கோட்டின் காலர்.

பல் டாக்டர்தான் ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவரும் பாடகர் குழுவை நடத்துபவரும். நல்ல மனிதர். ஆனால் யாராவது வாயைத் திறந்து பாடினால் அவருடைய கண் பாட்டைத் தாண்டி உள்ளே போய்விடும். "அருமை, அருமை. மேல் வரிசையில கடைசிக்கு முந்தினதை ஒருநாள் வந்து காட்டிடுங்க" என்பார். இதனாலேயே குழு வாயைத் திறக்காமல் பாடப் பழகிவிட்டது. கேட்பவர்களுக்கு அது தேனீக்கூடு போலக் கேட்கும்.

அவர் கருகிய காலரோடு சலவைக்கூடத்துக்கு வந்தார். "தபாலம்மா, இந்தக் கறை எப்படி வந்தது?"

பொய் சொல்ல அவளுக்கு நேரம் வேண்டும். அடுத்தவர் சொன்னதை மாற்றிச் சொல்வது வேறு, தன்னைப் பற்றிச் சொல்வது வேறு. "சந்திரனும் நட்சத்திரமும் வர்ற வசனம் கொஞ்சம் நீளமாயிடுச்சு, டாக்டர்" என்று சொல்லிவிட்டாள்.

அவர் விடவில்லை. பாடிக் காட்டச் சொன்னார். அவள் திரும்பி நின்று சுவரைப் பார்த்துக்கொண்டு பாடினாள். முடிந்ததும் அவர் தன் கோட்டைப் பற்றி எதுவும் பேசவில்லை. "இந்த வருஷ இசை நிகழ்ச்சிக்கு சபையாரே சொந்தமா மெட்டுப் போட்ட சங்கீதங்களை மட்டும் வைக்கலாம்னு போதகர் சொல்றார். இதைக் கொடுங்க" என்றார். "யார் பாடுவாங்க? நீங்களா?"

அவள் தலையை ஆட்டிய வேகத்தில் கொண்டை அவிழ்ந்தது. யார் பாடவேண்டும் என்பது அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அதைச் சொன்னபோது டாக்டர், "பூனைக்கு யாரு மணி கட்டறது?" என்றார். "ரெண்டு பூனை, டாக்டர்" என்றாள் அவள்.

அவள் மெட்டுப் போட்டிருந்த சங்கீதத்தில் ஒவ்வொரு வசனத்தின் முதல் பாதியும் புதுப்புதுக் கதை சொல்லும். வானம் உண்டானது, கடல் பிளந்தது, ராஜாக்கள் மடிந்தது எல்லாம் வரும். இரண்டாம் பாதி மட்டும் மாறாது. கடவுளின் கிருபைக்கு முடிவே இல்லை என்ற அதே ஒரு வரி, இருபத்தாறு வசனத்துக்கும். ஒரு குரல் சொல்ல, இன்னொரு குரல் பதில் தர வேண்டிய பாட்டு அது. அந்த இரண்டு குரலும் பெஞ்சில் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தன. அவற்றை மனதில் வைத்துத்தான் அவள் மெட்டே போட்டாள். வேறு யார் பாடினாலும் அது வேறு பாட்டு.

முதலில் பெரியக்கா வீடு. பெரியக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்பவள். அவள் சொன்னால் வண்டியே ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டுப் போவது போல் இருக்கும்.

"சுவருக்கா சொல்லிக்கொடுக்கற? இந்தப் பக்கம் திரும்பு" என்றாள் பெரியக்கா.

"இப்படியே கேட்டுக்கோக்கா."

கேட்டு முடித்துவிட்டு, "கதை முழுக்க எனக்கா? பதில் வரி யாருக்கு?" என்றாள்.

"பாடகர் குழுவுக்கு."

"ஒரே வரியைத் திரும்பத் திரும்பவா? பாவம்" என்றாள். அதில் ரொம்பத் திருப்தி.

அடுத்து சின்னக்கா வீடு. சின்னக்காவுக்கு வேலை ஒரு குழந்தைகள் காப்பகத்தில். மதியம் இருபது குழந்தைகளை ஒரே மூச்சில் தூங்கவைக்கும் குரல் அவளுடையது. அந்தக் குரலுக்கு முடிவு எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் குழந்தைகள் தூங்கிவிடும்.

"முதல் பாதியை யாரு பாடறது?"

"டாக்டர்."

"அவர் பாடினா ஜனங்க வாயை மூடிக்கிட்டுத்தான் கேட்பாங்க" என்றாள் சின்னக்கா. கொஞ்ச நேரம் அந்த ஒரே வரியை வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு வசனத்திலும் அந்த வரியின் மெட்டு வேறு விதமாக வளைந்து இறங்கியது. "கடைசி வார்த்தை எப்பவும் என்னோடது. அப்படித்தானே?"

"அப்படித்தான்க்கா."

"சரி, வர்றேன்."

இப்படியாக ஆழம் தெரிந்தே காலை விட்டாள் தபால்பெட்டி. மெட்டு பாடப்பட வேண்டும், ஒரே ஒரு தடவையாவது. அதற்கு இருவரும் மேடை ஏறும் வரை ஒருவர் விஷயம் மற்றவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மெட்டு போகும், மெட்டோடு அக்காக்களும் போவார்கள். அதன் பிறகு அந்த இரண்டு பேருக்கும் தனக்கும் நடுவில் போய்வர ஒரு தபால்பெட்டி வேண்டும். அதற்கு அவளுக்குத் தங்கை இல்லை.

நிகழ்ச்சிக்கு முதல் நாள், மதியச் சாப்பாட்டு இடைவேளையில், பெரியக்கா சலவைக்கூடத்துக்கே வந்து நின்றாள். அவள் கட்டைவிரலில் ஒட்டு நாடா சுற்றியிருந்தது.

"உன்னோட பாடகர் குழுவுக்கு என்ன வயசு?" என்றாள்.

"ஏன்க்கா?"

"ஒருத்திக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்திருக்கு. இன்னொருத்தன் வாயில விரலு."

நடந்தது இதுதான். அறிவிப்பு ஒலிவாங்கியில் ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கிக்கொண்டே பேச வேண்டும். கட்டைவிரல் வலிக்கிறதென்று பெரியக்கா பொத்தானை ஒட்டு நாடா போட்டு அமுக்கி ஒட்டிவிட்டாள். ஒட்டியதை மறந்தும் விட்டாள். இரண்டு அறிவிப்புக்கு இடையில், சூரியனைப் பகலை ஆள வைத்த வசனத்தைச் சும்மா பாடிப் பார்த்தாள். பேருந்து நிலையம் முழுக்க அது முழங்கியது. அடி முடிந்தது. மூன்றாம் மேடை வரிசையில் அம்மாவின் கையைப் பிடித்து நின்ற ஒரு சிறுமி, பாட்டு பாதியில் நிற்கிறதே என்ற கவலையோடு, பதில் வரியைப் பாடி முடித்தாள். ஐந்தாம் மேடையிலிருந்து ஒரு பையனும் வாயிலிருந்த விரலை எடுத்துவிட்டுச் சேர்ந்துகொண்டான். இருவரும் காப்பகக் குழந்தைகள். இழுத்து இழுத்துப் பாடினார்கள். அப்படி இழுக்கக் கற்றுக்கொடுக்க இந்த ஊரில் ஒரே ஒருத்திதான் உண்டு.

தபால்பெட்டியின் கால் மிதியிலேயே உறைந்து போயிருந்தது.

"சட்டை கருகுது" என்றாள் பெரியக்கா.

அவள் காலை எடுத்தாள். சட்டையின் முதுகில் ஒரு பெரிய பழுப்புக் கறை. இருவரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்கள்.

"அவகிட்ட சொல்லு" என்றாள் பெரியக்கா. "அந்த வரியைக் கண்டபடி இழுக்கறா. நான் அடுத்த வரி எடுக்க இடமே இல்ல. குழந்தைங்களையும் கெடுத்து வச்சிருக்கா. இழுக்காதன்னு சொல்லு."

தபால்பெட்டியின் நாக்கில் மாற்றுத் தபால் தயாராக இருந்தது. உன் குரல் எவ்வளவு நீளம் என்று அக்கா வியந்து போனார்கள் என்று அது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"நீயே சொல்லுக்கா."

"என்ன?"

"தபால்பெட்டி நிரம்பிடுச்சு."

பெரியக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். எட்டாம் வகுப்பில் எழுந்து நிற்காதவள் இன்று எழுந்து நிற்கிறாளே என்ற பார்வை. "அப்ப மேடையிலேயே சொல்லிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது வருகிறேன் என்பதா, வந்து ரகளை செய்கிறேன் என்பதா என்று புரியாமல் தபால்பெட்டி தேய்த்து முடித்த சட்டையையே மறுபடி எடுத்துத் தேய்த்தாள்.

மறுநாள் மாலை ஆலயம் நிறைந்திருந்தது. ஒரு லாரி ஓட்டுநர் மேய்ப்பனைப் பற்றிய சங்கீதத்துக்கு மெட்டுப் போட்டுப் பாடினார். அந்த வேகத்துக்கு ஆடுகள் மேய்ந்திருக்க முடியாது, ஓடித்தான் இருக்கவேண்டும். ஒரு கணக்காசிரியர் குடும்பம் வாயைத் திறக்காமல் ஒரு துதிப் பாட்டை முடித்தது. டாக்டர் அவர்களை ஏக்கத்தோடு பார்த்தார்.

பிறகு சின்னக்கா, பச்சை கவுனில், மேடையின் இடப்பக்கம் போய் நின்றாள். வலப்பக்கக் கதவு திறந்தது. பெரியக்கா நடந்து வந்தாள்.

சின்னக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் பார்வை நேராக நான்காம் வரிசைக்கு வந்தது. அங்கே நடுவில் தனியாக உட்கார்ந்திருந்த தபால்பெட்டி, முன்னால் இருந்தவருடைய முதுகுக்குப் பின்னால் முடிந்த அளவு சுருங்கிக்கொண்டாள்.

ஆர்கன் தொடங்கியது. பெரியக்கா முதல் பாதியை எடுத்தாள். கம்பீரமாக, ஒவ்வொரு எழுத்தும் தன் மேடையில் வந்து நிற்பது போல. முடித்தாள்.

பதில் இல்லை.

சின்னக்கா உதடுகளை இறுக்கிக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அதே சுரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். தபால்பெட்டியின் கால் தன்னாலே தரையை அமுக்கியது. புஸ்ஸென்று ஆவி போனது. இப்போது எடுக்க வேண்டும். இப்போது. காலர் கருகுகிறது.

மூன்றாம் வரிசையிலிருந்து பல் விழுந்த சிறுமி பாட ஆரம்பித்தாள். பின்னாலிருந்து விரல் சப்பும் பையன். அங்கங்கே அம்மாக்களின் மடியிலிருந்து இன்னும் சிலர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு சுதி. வரியை இழுத்து இழுத்து, வழியில் எங்கேயோ தொலைத்துவிட்டார்கள்.

சின்னக்கா எதையும் பொறுத்துக்கொள்வாள். தான் கற்றுக்கொடுத்த பாட்டைத் தப்பாகப் பாடினால் பொறுக்க மாட்டாள். குழந்தைகளைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினாள். இப்படி, என்பது போல அந்த வரியை முதலிலிருந்து சரியாகப் பாடிக் காட்டினாள். பாடி முடித்த பிறகுதான் தான் பாடிவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. அதற்குள் பெரியக்கா அடுத்த வசனத்தை எடுத்துவிட்டாள்.

அப்புறம் நடந்ததை ஆராதனை என்பதா போட்டி என்பதா என்று சபை இன்னும் முடிவு செய்யவில்லை. பெரியக்கா முந்தினாள், சின்னக்கா இழுத்தாள். இவள் கடலைப் பிளந்தால் அவள் அதைச் சாவகாசமாக மூடினாள். ராஜாக்கள் மடியும் வசனங்கள் வந்தபோது, பெரியக்கா ஒவ்வொரு ராஜாவையும் சின்னக்காவை நேராகப் பார்த்தபடி வீழ்த்தினாள். சின்னக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கிருபைக்கு முடிவே இல்லை என்று பதில் சொன்னாள். போதகர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். டாக்டர் வியர்வை வழிய ஆர்கனில் இருவருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தார். தன் வேலை எவ்வளவு கஷ்டம் என்று ஒருவருக்காவது புரிந்ததே என்று தபால்பெட்டிக்குச் சந்தோஷமாக இருந்தது.

முடிவுக்குக் கொஞ்சம் முன்னால், நாம் தாழ்ந்து கிடந்த நாளில் நம்மை மறக்காதவர் என்று ஒரு வசனம் வரும். அதை எடுக்கும்போது பெரியக்காவின் கண் முதல் வரிசை ஓரத்துக்குப் போனது. காது மந்தமான பிறகு அப்பா உட்கார்ந்த இடம் அது. அன்று அங்கே யாரோ ஒரு குடையை வைத்திருந்தார்கள். பெரியக்காவின் குரல் நடுங்கியது. அரைச் சுரம் இறங்கியது. இந்தத் தடவை அவளால் சுதியில் அழ முடியவில்லை.

டாக்டர் சட்டென்று ஆர்கனிலிருந்து கையை எடுத்துவிட்டார். இத்தனை வருடக் கணக்குக்குச் சின்னக்காவின் கையில் பதில் இருந்தது. சரியான சுதியில் எடுத்தால் போதும், அக்கா எங்கே விழுந்தாள் என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும்.

சின்னக்கா இறங்கிய இடத்திலிருந்தே எடுத்தாள். அக்கா விழுந்த சுரத்தில் கால் வைத்து, அதுதான் மெட்டே என்பது போல, அந்த வரியை இழுத்தாள். இழுக்க இழுக்க, கொஞ்சம் கொஞ்சமாக, அடி முடிவதற்குள் பழைய சுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். டாக்டர் அங்கே வந்து சேர்ந்துகொண்டார். கேட்டவர்கள் அதுதான் பாட்டின் மிக அழகான இடம் என்று பிறகு சொன்னார்கள். தபால்பெட்டி அப்படி ஓர் இடத்தைப் போடவே இல்லை.

நிகழ்ச்சி முடிந்து பின்னறையில் தேநீரும் கேக்கும். பெரியக்கா கோப்பையோடு நேராகச் சின்னக்காவிடம் போனாள்.

"இறங்கிட்டேன்" என்றாள்.

"தெரியும்."

"நீ ஏன் இறங்கின?"

"உன்னைத் தனியா விட்டுட்டு எப்படி."

பெரியக்கா ஒரு வாய் தேநீர் குடித்தாள். "இருந்தாலும் நீ இழுக்கற."

"நீ விரட்டற. அது என்ன பஸ்ஸா?"

தபால்பெட்டி பழக்க தோஷத்தில் நடுவில் வந்தாள். "அக்கா என்ன சொல்ல வர்றாங்கன்னா..."

"நீ சும்மா இரு" என்றார்கள் இருவரும், ஒரே சுதியில்.

அதோடு விட்டிருந்தால் தேவலை. "பொய் சொல்லித்தானே ரெண்டு பேரையும் மேடை ஏத்தினா" என்று தொடங்கிய பேச்சு, வேறென்ன பொய் என்று பின்னோக்கி நடந்தது. "பச்சை எனக்கு எடுப்பா இருக்குன்னு நீ சொன்னதா சொன்னாளே?" என்றாள் சின்னக்கா. "நானா? ஜன்னல் திரை மாதிரி இருக்குன்னுதான் சொன்னேன்" என்றாள் பெரியக்கா. "சூப்பு?" என்று அவளே கேட்டாள். "அதை உன்னையே குடிக்கச் சொன்னேன்" என்றாள் சின்னக்கா. தபால்பெட்டி ஒரு கேக் துண்டை எடுத்துக்கொண்டு டாக்டர் பக்கம் ஒதுங்கினாள். பழைய தபால்களெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்படும் சத்தம் அங்கே வரை கேட்டது.

"கேக்கு வேண்டாம், தபாலம்மா, கடைவாய்ப் பல்லுக்கு ஆகாது" என்றார் டாக்டர். பிறகு தன் காலரைத் தடவிக்கொண்டு, "அடுத்த வருஷத்துக்கு என்ன மெட்டு?" என்றார்.

இப்போது நான்காம் வரிசையில் இரண்டு அக்காக்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பிரசங்கம் முழுக்கக் கிசுகிசுவென்று சண்டை போடுகிறார்கள். சின்னக்கா பச்சை கவுன் போடுவதில்லை. சலவைக்கூடத்தில் ஒரு நீளமான சங்கீதம் நடந்துகொண்டிருக்கிறது, இதுவரை மூன்று காலர் போயிருக்கிறது. மிட்டாய் பெரியக்காவின் கையிலிருந்து சின்னக்காவின் கைக்கு நேராகப் போய்விடுகிறது. தபால்பெட்டி ஏழாம் வரிசை ஓரத்தில், ஜன்னல் பக்கம், தனியாக உட்காருகிறாள். தன் மிட்டாயைத் தானே வாங்கிக்கொள்கிறாள்.